கவுன்சில் மீட்டிங்ல இமிக்ரன்ட் தீர்மானம் வருது, எச்-1பி-ல இருக்கிற நான் போய் பேசலாமா?

பே_ஏரியா_அப்பா:

வணக்கம் மக்களே. இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா ஒரு திரி ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

கலிஃபோர்னியால பே ஏரியா பக்கம் ஒரு சின்ன சிட்டில இருக்கோம். நான் 2012ல வந்தேன், எச்-1பி வேலை விசா, கம்பெனி போட்ட ஐ-140 கிரீன் கார்டு மனு அப்ரூவ் ஆகி இபி-2ங்கிற வேலை வழி கிரீன் கார்டு க்யூல உக்காந்திருக்கேன். வைஃப் எச்-4 ஈஏடி-ல, அதாவது என் விசாவை சார்ந்து வர்ற வொர்க் பெர்மிட்ல, வேலை பாக்கறாங்க. பெரிய பொண்ணு சென்னைல பொறந்தவ, இப்ப 16 வயசு, சின்னவன் இங்க பொறந்தான்.

வர்ற செவ்வாய்க்கிழமை எங்க சிட்டி கவுன்சில் அஜெண்டால ஒரு தீர்மானம் இருக்கு. முழுசா படிச்சேன். போலீஸோ வேற சிட்டி ஊழியரோ யாரையும் நீ என்ன ஸ்டேட்டஸ்ல இருக்கேன்னு கேக்கக் கூடாது, சட்டப்படி கொடுத்தே ஆகணும்ங்கிறதைத் தவிர மத்த தகவலை ஃபெடரல் இமிக்ரேஷன் ஆளுங்களுக்கு கொடுக்கக் கூடாது, லாயர் வைக்க வசதி இல்லாதவங்களுக்கு இலவச சட்ட உதவிக்கு கொஞ்சம் பணம் ஒதுக்கணும், குற்றத்துல பாதிக்கப்பட்டவங்க யு விசாவுக்கு கேக்குற ஃபார்மை போலீஸ் தாமதம் பண்ணாம பாக்கணும், இப்படி போகுது. கடைசில ஒரு பாரா, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இமிக்ரேஷன் சீர்திருத்தம் கொண்டு வரணும்னு சிட்டி கேட்டுக்குதாம், அதுல பேப்பர் இல்லாம இருக்கிறவங்களுக்கு ஒரு வழி, டாக்கா பசங்களுக்கு, அதாவது சின்ன வயசுலயே இங்க வந்து பேப்பர் இல்லாம தற்காலிகப் பாதுகாப்புல இருக்கிறவங்களுக்கு ஒரு வழி, அப்புறம் வேலை வழியா வர்ற கிரீன் கார்டு பேக்லாக், 21 வயசானதும் அப்பா அம்மாவோட க்யூல இருந்து வெளிய தள்ளப்படுற பிள்ளைங்க, எல்லாமே சேர்த்து எழுதியிருக்காங்க.

இதை எங்க அபார்ட்மென்ட் தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், அவ்வளவுதான், ரெண்டு நாளா சண்டை. ஒருத்தர் சொல்றார் இது பேப்பர் இல்லாதவங்களுக்கு, நமக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அங்க போய் நின்னா நம்ம ஃபைல்ல கரும்புள்ளி விழும்னு. இன்னொருத்தர் இமிக்ரேஷன் முழுக்க வாஷிங்டன் விஷயம், சிட்டிக்கு ஒரு பவரும் கிடையாது, டைம் வேஸ்ட்ங்கிறார். நானும் விட்டுடலாம்னுதான் நெனச்சேன். ஆனா பொண்ணு அந்த பேப்பரை எடுத்து படிச்சிட்டு, "அப்பா, இந்த 21 வயசுன்னு எழுதியிருக்கிறது நான்தானே, நீங்க போய் பேசுவீங்களா"ன்னு கேட்டா. என்னால பதில் சொல்ல முடியல.

அதனால கேக்கறேன். சிட்டிக்கு நிஜமாவே இதுல ஏதாவது பவர் இருக்கா, சிட்டிசன் இல்லாத நான் போய் மைக்ல பேசலாமா, பேசினா எதாவது வில்லங்கம் வருமா. இன்னொன்னும் மனசை உறுத்துது, சட்டப்படி வந்து வரி கட்டி க்யூல நிக்கிற நாம அவங்களோட ஒரே வரிசைல நின்னு கேக்கறது சரியா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சான்ட்டா_கிளாரா_வாசி:

தம்பி, நல்ல கேள்வி. நான் இங்க 26 வருஷமா இருக்கேன், இப்ப சிட்டிசன், கவுன்டி மீட்டிங் கவுன்சில் மீட்டிங்னு நிறைய உக்காந்திருக்கேன். லாயர் கிடையாது, அதை மனசுல வெச்சுட்டு படிங்க.

உங்க குரூப்ல அந்த ரெண்டாவது ஆள் சொன்னது பாதி சரி. விசா கொடுக்கிறது, கிரீன் கார்டு கொடுக்கிறது, நாடு கடத்துறது எல்லாம் ஃபெடரல் கைலதான். 2012ல அரிசோனா மாநிலம் தானே சொந்தமா இமிக்ரேஷன் சட்டம் போட்டப்போ சுப்ரீம் கோர்ட் அதுல பெரும்பகுதியை தூக்கி எறிஞ்சது இதனாலதான். ஆனா மறுபக்கம் ஒன்னு இருக்கு, அதைத்தான் யாரும் சொல்றதில்ல. ஃபெடரல் அரசு தன்னோட வேலையை செய்யச் சொல்லி லோக்கல் அதிகாரியை கட்டாயப்படுத்த முடியாது. இது 1997ல வந்த தீர்ப்பு, அதுவும் இமிக்ரேஷன் கேஸ் கூட இல்ல, துப்பாக்கி வாங்குறவங்க பின்னணியை ஷெரிஃப்தான் செக் பண்ணணும்னு ஃபெடரல் சட்டம் சொன்னதை எதிர்த்து ரெண்டு ஷெரிஃப் போட்ட வழக்கு. அந்தத் தீர்ப்பு மேலதான் இன்னைக்கு சாங்ச்சுவரி சிட்டி, அதாவது ஃபெடரல் இமிக்ரேஷன் வேலைக்கு தன் ஆளுங்களைத் தராத ஊர்ங்கிற முழு கட்டடமும் நிக்குது. லோக்கல் போலீஸ் இமிக்ரேஷன் வேலைக்கு உதவறதை கட்டுப்படுத்துற கலிஃபோர்னியாவோட எஸ்பி 54 சட்டம், 2018 ஜனவரில அமலுக்கு வந்தது, அதை எதிர்த்து ஃபெடரல் அரசு வழக்கு போட்டு இதே காரணத்தாலதான் தோத்துச்சு.

இது நடைமுறைல எப்படின்னா, ஒருத்தரை போலீஸ் கைது பண்ணி ஜெயிலுக்கு கொண்டு போனா கைரேகை எடுப்பாங்க, அது எஃப்பிஐ-க்கு போகும், அங்கிருந்து தானாவே ஹோம்லேண்ட் செக்யூரிட்டிக்கும் போகும், இதை எந்த சிட்டியாலயும் தடுக்க முடியாது. ஐஸ்னு நாம சொல்ற அந்த ஃபெடரல் ஏஜென்சி பாத்துட்டு ஜெயிலுக்கு ஒரு டீட்டெய்னர் அனுப்பும், அவரை விடுதலை பண்ண வேண்டிய நேரத்துக்கு மேல இன்னும் 48 மணி நேரம் பிடிச்சு வைங்கன்னு. அந்த பேப்பர்ல ஜட்ஜ் கையெழுத்து இருக்காது, ஐஸ் ஆபீசரே போட்டது. 2014ல ஓரெகன்ல கிளாக்கமஸ் கவுன்டி அப்படி ஒரு பொம்பளையை பிடிச்சு வெச்சதுக்கு, அது அரசியல் சட்டத்தை மீறினதுன்னு ஃபெடரல் கோர்ட்டே கவுன்டி மேல தப்பு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம்தான் நிறைய கவுன்டி பயந்து நிறுத்தினாங்க. எங்க சான்ட்டா கிளாரா கவுன்டி அதுக்கு முன்னாடியே 2011லயே இதுல பின்வாங்கிடுச்சு. ஆக சிட்டி யாரையும் ஒளிச்சு வைக்கல, ஐஸ் தன் வேலையை தன் ஆளை வெச்சு செய்யட்டும், எங்க போலீஸையும் எங்க ஜெயிலையும் அதுக்கு தர மாட்டோம்னு சொல்லுது, அவ்வளவுதான் விஷயம்.

இது புதுசும் இல்ல தம்பி. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 1979லயே ஒரு உத்தரவு போட்டாங்க, ஸ்டேட்டஸ் கண்டுபிடிக்கிறதுக்குன்னே யாரையும் விசாரிக்கக் கூடாதுன்னு, அதைப் போட்டது டேரில் கேட்ஸ், கண்டிப்பான போலீஸ் சீஃப்னு பேர் வாங்கினவர். அவருக்கு கவலை வேற. சாட்சி சொல்ல ஆளு வரமாட்டேங்குது, திருட்டு கொடுத்தவன் புகார் கொடுக்க வரமாட்டேங்குது. ஊர்ல ஒரு பகுதி ஜனங்க போலீஸைப் பாத்தாலே ஓடினா கேஸ் எப்படி நடக்கும்?

உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னவருக்கு இதை சொல்லுங்க. 2025 ஜனவரி 20ம் தேதி பிறப்புக் குடியுரிமை பத்தி ஒரு உத்தரவு வந்துச்சே, அம்மா எச்-1பி, எச்-4 மாதிரி தற்காலிக விசால இருந்து, அப்பாவும் சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லன்னா இங்க பொறக்கிற குழந்தை சிட்டிசன் இல்லன்னு. அது நேரா நம்ம வீட்டுப் பிள்ளைங்க மேல போட்ட உத்தரவு. மறுநாளே வழக்கு போட்டாங்க, 18 மாநிலம், வாஷிங்டன் டிசி, அதோட சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி. ஒரு சிட்டி! எச்-1பி காரன் குழந்தைக்காக கோர்ட் படி ஏறுச்சு. அதுல ஒரு நியாயமும் இருக்கு, இந்த உரிமையை சுப்ரீம் கோர்ட்ல 1898ல நிலைநாட்டின வோங் கிம் ஆர்க் சான் ஃபிரான்சிஸ்கோல பொறந்த சீனப் பிள்ளைதான். அதே மாதிரி 2017ல டாக்காவை ரத்து பண்ணப்போ வழக்கு போட்டவங்கள்ல சான் ஹோசே சிட்டியும் சான்ட்டா கிளாரா கவுன்டியும் உண்டு, அந்த வழக்குதான் 2020ல சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சது.

பேசலாமாங்கிற கேள்விக்கு கீழ தனியா எழுதறேன், இப்ப வேலைக்கு கிளம்பணும்.

நேர்வழி:

மன்னிக்கணும், நான் மாத்துக் கருத்து சொல்லப் போறேன். திட்டாதீங்க, மனசுல பட்டதை சொல்றேன்.

நான் 2011ல ஃபைல் பண்ணவன். இன்னைக்கு வரைக்கும் கிரீன் கார்டு வரல. இந்த வருஷங்கள்ல அப்பா சாவுக்கு போக முடியல, தூதரகத்துல விசா ஸ்டாம்பிங்குக்கு டேட் கிடைக்காம திரும்பி வர முடியாதுன்னு பயம். ஒவ்வொரு பேப்பரும் ஒழுங்கா வெச்சிருக்கேன், ஒரு டிராஃபிக் டிக்கெட் கூட கிடையாது. விதியை மதிச்சு நின்னவனையும் விதியை மீறி வந்தவனையும் ஒரே தீர்மானத்துல கட்டுறது எனக்கு சரியாப் படல. பேக்லாக் கேக்கணும்னா அதை மட்டும் தனியா கேளுங்க, நான் முதல் ஆளா வரேன்.

அப்புறம் பாதுகாப்பு விஷயம். 2015ல சான் ஃபிரான்சிஸ்கோல பியர்ல, அதாவது படகுத்துறைல, நடந்து போன ஒரு பொண்ணு குண்டு பட்டு செத்துப் போச்சு, ஞாபகம் இருக்கா. சுட்டவன் அஞ்சு தடவை நாடு கடத்தப்பட்டவன், ஐஸ் டீட்டெய்னர் போட்டிருந்தும் ஷெரிஃப் விட்டுட்டாங்க. அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வீங்க? எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு.

சான்ட்டா_கிளாரா_வாசி:

சார், உங்களை யாரும் திட்ட மாட்டாங்க. அப்பாவை கடைசியா பாக்க முடியாம போறது எவ்வளவு பெரிய வலின்னு எனக்கும் தெரியும், என் கிரீன் கார்டு வர்றதுக்கு முன்னாடி எங்க அம்மா போய்ட்டாங்க.

பியர் கேஸ் கஷ்டமான கேஸ். அந்தாளை ஜூரி 2017ல கொலைக் குற்றத்துல இருந்து விடுவிச்சது, ஆனாலும் ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்து ஐஸுக்கு ஒரு போன் கூட போகலங்கிற கோபம் நியாயம்தான். எஸ்பி 54 எழுதினப்போ அது எல்லார் மனசுலயும் இருந்துச்சு, அதனாலதான் வன்முறை, பெரிய குற்றங்கள்னு ஒரு நீளமான பட்டியல் அதுல இருக்கு, அந்த மாதிரி குற்றத்துல தண்டனை வாங்கினவங்க எப்ப வெளிய வர்றாங்கன்னு ஜெயில் ஐஸுக்கு சொல்லலாம். ஜட்ஜ் கையெழுத்து போட்ட வாரன்ட் வந்தா எல்லாருமே கட்டுப்படணும். சட்டம் மூடிய கதவு இல்ல, எதுக்கு திறக்கணும்னு அளவு வெச்ச கதவு.

தனியா கேளுங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதுல எனக்கு வேற அனுபவம். 2013ல செனட்ல ஒரு பெரிய மசோதா, எஸ் 744, 68க்கு 32 ஓட்டுல பாஸ் ஆச்சு. அதுல பேப்பர் இல்லாதவங்களுக்கு வழி இருந்துச்சு, அதே மசோதாலதான் வேலை கிரீன் கார்டுக்கு ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்ங்கிற அந்த வரம்பையும் எடுத்துட்டாங்க. காங்கிரஸோட இன்னொரு சபையான ஹவுஸ்ல ஓட்டுக்கே எடுக்கல, ரெண்டும் சேர்ந்தே செத்துச்சு. சரி, தனியா போவோம்னு நம்ம ஆளுங்க கேட்டாங்க, 2019 ஜூலைல ஹவுஸ்ல எச்ஆர் 1044, 365க்கு 65, எவ்வளவு பெரிய மெஜாரிட்டி! 2020 டிசம்பர்ல செனட் தன்னோட வடிவத்தை பாஸ் பண்ணிச்சு, ரெண்டு சபையும் ஒரே வாசகத்துக்கு வரல, காங்கிரஸ் காலம் முடிஞ்சுது, போச்சு. வருஷத்துக்கு 1,40,000 வேலை கிரீன் கார்டு, அதுல மனைவி பிள்ளைங்களும் கணக்கு, நாட்டுக்கு 7 சதவீதம், இது 1990ல எழுதின கணக்கு. எத்தனை தடவை தனியா கேட்டும் நகரல. நமக்கு ஓட்டு இல்ல, நமக்காக குரல் கொடுக்கிற ஊர்க்காரங்க கவுன்சிலர், மேயர்தான் முதல் படி, அங்க இருந்துதான் காங்கிரஸ் ஆபீஸுக்கு சத்தம் போகும்னு நான் நினைக்கிறேன்.

மலர்_அக்கா:

இந்தத் திரியை மூணு நாளா படிக்கிறேன், எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதறேன். ஊர் பேர் எதுவும் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க.

நான் எச்-4ல வந்தவ. ஊர்ல பி.காம் படிச்சிருந்தாலும் இங்கிலீஷ்ல சரளமா பேச வராது. வீட்டுக்காரர் அடிப்பார். விசா என் கைல, நான் ஒரு போன் பண்ணா நீ நாளைக்கே பிளேன்ல இருப்ப, பிள்ளை என்கிட்டதான்னு சொல்லுவார், நானும் அதை அப்படியே நம்பினேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரங்க 911 கூப்பிட்டாங்க. போலீஸ் வந்துச்சு, அவர் வாசல்லயே நின்னு சிரிச்சு இங்கிலீஷ்ல பேசினார், என்கிட்ட ஒருத்தரும் எதுவும் கேக்கல, என்ன நடந்துச்சுன்னு அவரே எனக்கும் சேர்த்து சொல்லிட்டார், போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எப்படி போச்சுன்னு எழுத முடியல.

அப்புறம் நாங்க வேற ஊருக்கு மாறினோம். ரெண்டாவது தடவை நானே 911 அடிச்சேன், "தமிழ், தமிழ்"னு மட்டும்தான் சொன்னேன். வந்த லேடி ஆபீசர் என்னை தனி ரூமுக்கு கூட்டிட்டுப் போய் போனை ஸ்பீக்கர்ல போட்டாங்க, அந்தப் பக்கம் ஒரு அம்மா சுத்தத் தமிழ்ல, "சொல்லுங்கம்மா, நீங்க சொல்றதை நான் அப்படியே மொழிபெயர்க்கிறேன், பயப்படாதீங்க"ன்னாங்க. அந்தக் குரல் இன்னைக்கும் காதுல இருக்கு. ஒரு மணி நேரம் பேசினேன். விசா என்னன்னு அந்த ஆபீசர் ஒரு வார்த்தை கேக்கல, ரிப்போர்ட் என் வார்த்தைல எழுதப்பட்டுச்சு. அந்த ஊர்ல அப்படி விதி இருந்துச்சு, ஊழியர்கள் மொழி தெரியாதவங்களுக்கு இன்டர்ப்ரிட்டர் வைக்கணும், குடும்பத்து ஆளை வெச்சு மொழிபெயர்க்கக் கூடாதுன்னு. முதல் ஊர்ல அது இல்ல, இல்லன்னா யாரும் கடைப்பிடிக்கல. ரெண்டு ஊர், ஒரே நாடு, ஒரே விசா.

அப்புறம்தான் யு விசா பத்தி தெரிஞ்சுது. வீட்டுக்காரர் சிட்டிசனோ கிரீன் கார்டோ இருந்தா மனைவி தானா மனு போட வேற வழி இருக்கு, அவர் எச்-1பின்னா அந்த வழி கிடையாது. யு விசாதான். அதுக்கு இந்தக் குற்றம் நடந்துச்சு, இந்தப் பொண்ணு விசாரணைக்கு ஒத்துழைச்சான்னு போலீஸோ அரசு வக்கீலான டிஏ ஆபீஸோ ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போடணும். போடணும்னு ஃபெடரல் சட்டம் கட்டாயப்படுத்தல, அது அந்தந்த ஊர் முடிவு. கலிஃபோர்னியால மாநில சட்டமே இருக்கு, ஒத்துழைச்சவங்களுக்கு ஃபார்மை முடிச்சு தரணும், 30 நாளுக்குள்ள. இல்லாத மாநிலத்துல மாசக் கணக்கா இழுக்குறாங்க, சில இடத்துல போடவே மாட்டாங்களாம். வருஷத்துக்கு 10,000 யு விசாதான், க்யூ பெருசு, ஆனா மனு முறையா இருக்குன்னு முதல்கட்டமா பாத்துட்டா வொர்க் பெர்மிட் கிடைக்க வழி இருக்கு. எனக்கு அது வந்துச்சு. இன்னைக்கு பிள்ளையோட தனியா இருக்கேன், வேலை பாக்கறேன்.

நேர்வழி அண்ணா, நானும் சட்டப்படிதான் வந்தேன். டைவர்ஸ் ஆன அன்னைக்கு என் எச்-4 முடிஞ்சுது. அன்னைல இருந்து கைல பேப்பர் வர்ற வரைக்கும் நான் யாரு, நேர்வழியா இல்லையா? அந்தக் கோடு நாம நினைக்கிற இடத்துல நிக்கறதில்ல அண்ணா, ஒரு லேஆஃப் வந்து வேற வேலை கிடைக்காம 60 நாள் போனா உங்க வீட்டு வாசலுக்கும் வரும்.

பே ஏரியா தம்பி, நீங்க பேசறீங்களோ இல்லையோ, அந்தத் தீர்மானத்துல இன்டர்ப்ரிட்டர் பத்தி ஒரு வரி இருக்கான்னு தயவுசெஞ்சு பாருங்க. 2000ல இருந்து ஃபெடரல் பணம் வாங்குற இடங்கள்ல மொழி உதவி கொடுக்கணும்னு ஒரு ஜனாதிபதி உத்தரவு இருந்துச்சு, 2025 மார்ச்ல அதை எடுத்துட்டாங்க. இனிமே ஊர் விதில எழுதி வெச்சாதான் நிச்சயம்.

நேர்வழி:

தங்கச்சி, படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். டைவர்ஸ் ஆனா எச்-4 போயிடும்னு தெரியும், ஆனா இப்படி யோசிச்சதில்ல. சட்ட விரோதமா எல்லை தாண்டி வர்றது பத்தி என் கருத்து மாறல, அதை பொய்யா சொல்ல மாட்டேன். ஆனா இன்டர்ப்ரிட்டர், யு விசா, போலீஸ் ஸ்டேட்டஸ் கேக்காம இருக்கிறது, இதுக்கெல்லாம் நான் எதிர்ப்பு இல்ல. நல்லா இருங்கம்மா.

ஹூஸ்டன்_செந்தில்:

டெக்சாஸ்ல இருந்து எழுதறேன், உங்க கலிஃபோர்னியா கதை இங்க அப்படியே தலைகீழ். 2017ல இங்க எஸ்பி 4னு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, எந்த சிட்டியும் ஐஸோட ஒத்துழைக்க மாட்டேன்னு சொல்லக் கூடாது, ஜெயில் டீட்டெய்னரை மதிச்சே ஆகணும், போலீஸ்காரர் பிடிச்சு வெச்சவங்களை ஸ்டேட்டஸ் கேக்கறதை மேலதிகாரி தடுக்கக் கூடாது, மீறினா ஒரு நாளைக்கு 25,500 டாலர் வரைக்கும் அபராதம், மேயரையே பதவில இருந்து தூக்கலாம். எல்லைல எல் செனிசோன்னு ஒரு குட்டி ஊர், அவங்கதான் முதல்ல வழக்கு போட்டாங்க, அப்புறம் சான் ஆன்டோனியோ, ஆஸ்டின், டாலஸ், எங்க ஹூஸ்டன் எல்லாம் சேர்ந்தாங்க, 2018ல அப்பீல் கோர்ட் சட்டத்தோட பெரும்பகுதி செல்லும்னு சொல்லிடுச்சு. ஃபெடரல் அரசு சிட்டியை கட்டாயப்படுத்த முடியாது, ஆனா மாநிலம் முடியும், ஏன்னா சிட்டிங்கிறதே மாநிலம் உருவாக்கின ஒன்னு. இதை நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.

அப்ப எதுவுமே பண்ண முடியாதான்னா, பண்ணாங்க. ஆஸ்டின் கவுன்சில் 2018ல ஒரு வேலை செஞ்சாங்க. கைது ஆனாதானே கைரேகை, கைரேகை போனாதானே ஐஸ் வரும். அதனால சின்னச் சின்ன குற்றத்துக்கு, டிக்கெட் கொடுத்து அனுப்பலாம்னு சட்டமே இடம் கொடுக்கிற இடத்துல, கைது பண்றதை குறைங்கன்னு போலீஸுக்கு சொன்னாங்க. ஸ்டேட்டஸ் கேட்டா பதில் சொல்லாம இருக்கிற உரிமை உனக்கு இருக்குன்னு சொல்லிட்டுத்தான் கேக்கணும்னும் சேர்த்தாங்க. எஸ்பி 4ஐ மீறல, அதுக்குள்ளயே இருந்த இடைவெளியை பிடிச்சாங்க. அதைப் படிச்சப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, யாரோ ஒரு ஆளு ராத்திரி உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சிருக்கணும்ல.

சிட்டிசன்ஷிப் வகுப்பு, லைப்ரரில இங்கிலீஷ் வகுப்பு, இதெல்லாம் இங்கயும் நடக்குது, யாரும் தடுக்கல. அண்ணா நீங்க இருக்கிற இடத்துல கேக்க முடியுது, இங்க எங்களால கேக்கவே முடியாததை. போய் பேசுங்க.

பே_ஏரியா_அப்பா:

எல்லாருக்கும் நன்றி. மலர் அக்கா, உங்க பதிவை வைஃபுக்கு படிச்சு காட்டினேன், ரெண்டு பேரும் பேசாம இருந்தோம். தீர்மானத்தை மறுபடி பாத்தேன், இன்டர்ப்ரிட்டர் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதைக் கேக்கத்தான் போறேன்னு முடிவு பண்ணிட்டேன்.

சான்ட்டா கிளாரா அண்ணா, பேசறது பத்தி தனியா எழுதறேன்னீங்களே. பேர் சொல்லணுமா, ஸ்பான்சர் பண்ற கம்பெனிக்கு தெரிஞ்சா பிரச்னையா?

சான்ட்டா_கிளாரா_வாசி:

தம்பி, தாமதத்துக்கு மன்னிக்கணும். கலிஃபோர்னியால பிரவுன் ஆக்ட்னு 1953லருந்து ஒரு சட்டம் இருக்கு, கவுன்சில் மீட்டிங் பொதுமக்களுக்கு திறந்திருக்கணும், அஜெண்டால இருக்கிற விஷயத்துல யார் வேணா பேசலாம், சிட்டிசனா இருக்கணும்னு கிடையாது. வாசல்ல ஸ்பீக்கர் கார்டு கொடுப்பாங்க, மீட்டிங்ல கலந்துக்க பேர் எழுதியே ஆகணும்னு கட்டாயப்படுத்த முடியாது. ஆனா வீடியோ ஓடும், அது இன்டர்நெட்ல எப்பவும் இருக்கும், அதை தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க. மீட்டிங்குக்கு முன்னாடி கிளர்க்குக்கு ஈமெயிலாவும் அனுப்பலாம், அதுவும் பதிவுல சேரும். கம்பெனி பேரை எடுக்காதீங்க, நீங்க ஊர்க்காரரா பேசறீங்க.

பயப்படாதீங்கன்னு கண்ணை மூடிட்டு சொல்ல மாட்டேன். பேச்சுரிமை சிட்டிசன் இல்லாதவங்களுக்கும் உண்டுதான், ஆனா 2025ல பேசினதுக்காகவே விசா போன மாணவர்களை நாம பாத்தோம். மொழி உதவி வேணும், பொண்ணு 21 ஆகப் போகுதுன்னு ஒரு அப்பா சொல்றதுல எனக்கு ஆபத்து தெரியல. ஆனா ஏதாவது பழைய கைது, கேஸ், ஸ்டேட்டஸ்ல இடைவெளி இருந்தா முதல்ல உங்க லாயரை கேளுங்க.

நிஜமான ஆபத்து வேற இடத்துல இருக்கு, அதை கண்டிப்பா கவனிங்க. இந்த மாதிரி மீட்டிங் வாசல்ல கிளிப்போர்டு வெச்சுட்டு கையெழுத்து கேட்டு நிப்பாங்க. தேர்தல் பேலட்டுக்கு போற மனுல பதிவான வாக்காளர் மட்டும்தான் கையெழுத்து போடணும், நல்ல விஷயமாச்சேன்னு நீங்க போட்டுடாதீங்க. வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் நீட்டினாலும் தொடாதீங்க, டிரைவிங் லைசென்ஸ் எடுக்கிற டிஎம்வி-லயும் அந்தக் கேள்வில கவனமா இருங்க. சிட்டிசன்னு தப்பா டிக் பண்ணா, 1996 சட்டத்துக்கு அப்புறம், வாழ்க்கை முழுக்க கிரீன் கார்டு கிடைக்காம போகலாம். தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லி வெளிய வர்றது ரொம்ப கஷ்டம். அப்புறம் பிடிச்ச கவுன்சிலருக்கு 20 டாலர் கூட தேர்தல் நன்கொடை கொடுக்கக் கூடாது, கிரீன் கார்டு வந்தப்புறம்தான் அது அனுமதி. சம்பளம் வாங்காம தன்னார்வமா உதவலாம்.

பேசறப்போ ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோதான் கொடுப்பாங்க. இமிக்ரேஷன் வரலாறு எல்லாம் வேண்டாம். எந்த வரியை எங்க சேக்கணும்னு எழுதிட்டு போய் படிங்க, கையோட ஒரு காப்பி கிளர்க்கிட்ட கொடுங்க. கவுன்சிலர் பேப்பர்ல கொண்டு வந்த வாசகத்தைத்தான் எடுத்துக்குவாங்க, ஆதங்கத்தை எழுதிக்க மாட்டாங்க.

பே_ஏரியா_அப்பா:

போயிட்டு வந்து எழுதறேன் மக்களே.

ராத்திரி ஒன்பதரைக்குத்தான் எங்க அஜெண்டா வந்துச்சு. நாப்பது பேர் பேசினாங்க, ஒரு நிமிஷம்தான் கொடுத்தாங்க. ஸ்பானிஷ்ல பேசினவங்களுக்கு இன்டர்ப்ரிட்டர் இருந்தார். எதிர்த்தும் ஏழெட்டு பேர் பேசினாங்க, அவங்களையும் மரியாதையாத்தான் கேட்டாங்க. எனக்கு கை நடுங்குச்சு. போலீஸும் சிட்டி ஆபீஸும் போன் இன்டர்ப்ரிட்டர் வைக்கணும், குடும்பத்து ஆளை வெச்சு மொழிபெயர்க்கக் கூடாதுன்னு அந்த ஒரு வரியை படிச்சேன். ஏன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவுக்கு முதல் தடவை அது இல்லன்னு மட்டும் சொன்னேன், வேற எதுவும் சொல்லல அக்கா, சத்தியமா. பொண்ணு பத்தி சொல்லத் தொடங்கறதுக்குள்ள பெல் அடிச்சிடுச்சு.

உடனே அடுத்த கார்டு கூப்பிட்டாங்க, பாத்தா என் பொண்ணு எந்திரிச்சு போறா. எங்ககிட்ட சொல்லவே இல்ல, வாசல்ல எப்ப கார்டு எழுதினாளோ. "எனக்கு 16 வயசு, மூணு வயசுல இருந்து இங்க இருக்கேன், உங்க லைப்ரரிலதான் படிக்கக் கத்துக்கிட்டேன், இன்னும் அஞ்சு வருஷத்துல என் அப்பா க்யூல இருந்து என் பேர் விழுந்துடும், அந்தக் கடைசி பாராவை எடுத்துடாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்து உக்காந்தா.

4க்கு 1ல பாஸ் ஆச்சு, பாரா அப்படியே இருக்கு. இன்டர்ப்ரிட்டர் விஷயத்தை ஸ்டாஃப் எவ்வளவு செலவாகும்னு பாத்து ரெண்டு மாசத்துல திரும்ப கொண்டு வரணும்னு ஒரு கவுன்சிலர் சேர்த்துவிட்டாங்க. அந்தத் தேதியை பொண்ணு காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கா. மலர் அக்கா, அந்த வரியோட வாசகத்தை இன்னும் சரியா எழுதணும், உங்களுக்கு முடிஞ்சா தனிச்செய்தில உதவுங்க.